கல்ஃப் அயன்பாக்ஸ் பிளக்குக்கு எந்த ஃப்யூஸ்? என் அனுபவம்

களியக்காவிளை பக்கம் வீட்டுக்கு வீடு கல்ஃப் சாமான்தான், அந்த தட்டையான மூணு கம்பி பிளக்குக்குள்ள குட்டியா ஒரு ஃப்யூஸ் இருக்கும்னு பாதி பேருக்குத் தெரியாது. சித்தப்பா தந்த அயன்பாக்ஸ் பிளக் ஒடஞ்சு, கடையில வேற மாத்திக் கொண்டாந்தா சுவிட்ச் போட்டதுமே செத்துப்போச்சு. காயில், வயர் ரெண்டும் மல்டிமீட்டர்ல சரியா காட்டுது. பிளக்கோட நடு ஸ்க்ரூவ கழத்திப் பாத்தா ஃப்யூஸ்ல 3 ஆம்பியர்னு போட்டிருக்கு! பாக்ஸ் 2400 வாட், 230 வோல்ட்டால வகுத்தா பத்தரை ஆம்பியர் கிட்ட வருது, பின்ன எப்படித் தாங்கும், 13 போட்டேன், ஓடுது. டிவி, டேபிள் லைட் மாதிரி 700 வாட்டுக்குள்ள உள்ளதுக்கு 3 போதும், அதுல போய் 13 போட்டா மெல்லிசு வயர் உருகுனாலும் ஃப்யூஸ் போகாது. கடைக்காரர் ஃப்யூஸுக்குப் பதிலா கம்பி சுத்திக்கச் சொன்னாரு, ஆளவிடுங்கன்னு வந்துட்டேன். அடாப்டர் வச்சு 6 ஆம்பியர் சாக்கெட்ல இந்த அயன்பாக்ஸ குத்தாதீங்க, 16லதான்.