சிகரெட் ஏக்கம் போகுமா?

போகும், ஆனால் ஒரே சீராகப் போகாது. முதல் 3 நாள்தான் உச்சம்: எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம். 2 முதல் 4 வாரத்தில் உடம்பு பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம் மிஞ்சுவது பழக்கம். எனக்கு அது டீக்கடையில் உட்கார்ந்திருந்தது. ஒரு கையில் டீ கிளாஸ் வந்ததும் மற்ற கை தானாகச் சட்டைப்பையைத் தடவும்.

நிக்கோடின் சூயிங்கம் உதவியது. மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது. காரம் ஏறும்வரை மென்று கன்னத்தோரம் ஒதுக்க வேண்டும். டீ குடித்து 15 நிமிடத்துக்குள் போட்டால் மருந்து சரியாக ஏறாது. அதனால் டீயைப் பார்சல் வாங்கிக்கொண்டு, வாயில் கம்மோடு நடையைக் கட்டுவேன். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடம்தான். தெருமுனை தாண்டுவதற்குள் வடிந்துவிடும். பக்கத்தில் யாராவது பற்றவைத்தால் இப்போதும் எட்டிப் பார்க்கும். தள்ளிப் போய் நிற்பேன், அவ்வளவுதான்.