கோழிக்குப் பூனைத் தீவனம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாக நாட்டுக்கோழி வளர்க்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, பூனைக்கு வாங்கிய தீவனத்தைக் கோழி விழுந்து விழுந்து தின்னுது. இறகு பளபளன்னு முளைச்சிருக்கு. தினமும் போடலாமா?" ஆறு வருடத்துக்கு முன்பு நான் செய்ததும் இதேதான். தண்ணீர் வைக்க மறப்பது, கூட்டைச் சாத்த மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும். தீவனத்தில் செய்யும் தவறு வாரக்கணக்கில் வெளியே தெரியாது.

இறகு முளைத்த பிறகும் நிறுத்தாமல் போடுவது

பகல் குறையும் ஐப்பசி வாக்கில், ஒரு வயது தாண்டிய கோழிகள் இறகு உதிர்க்கும். இறகில் 85 சதவீதத்துக்கு மேல் புரதம்தான். அதனால் இரண்டு மூன்று மாதம் கோழி முட்டையை நிறுத்திவிட்டு, தின்பதையெல்லாம் இறகுக்கே செலவழிக்கும். உலர்ந்த பூனைத் தீவனத்தில் சுமார் 30 சதவீதம் புரதம் இருக்கிறது. இறைச்சியும் மீனும் சேர்வதால் இறகுக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் அதில் உண்டு. குருணையிலும் கடலைப் புண்ணாக்கிலும் அது குறைவு. ஆகவே கொஞ்சம் போட்டால் பலன் தெரிவது உண்மை. ஆசையும் அங்கேதான் பிடிக்கிறது.

என் பன்னிரண்டு கோழிகளும் தை மாதம் திரும்ப முட்டையிட ஆரம்பித்தன. நான் மட்டும் நிறுத்தவில்லை. விடிந்ததும் முதல் தீனியாகக் கிண்ணம் நிறையப் போட்டேன். ஒரு கோழியின் ஒரு நாள் தீனியே 100 கிராம் அளவுதான். பாதி வயிறு இதிலேயே நிறைந்தால், முட்டையிடும் கோழிக்கென்றே வரும் லேயர் தீவனத்தை யார் தொடுவார்கள்? லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம், பூனைத் தீவனத்தில் ஒரு சதவீதம் அளவு. ஒரு முட்டை ஓட்டுக்கோ கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் வேண்டும்.

மூன்றாவது வாரம் ஓடு மெலிந்தது. அப்புறம் தோல்முட்டை. கூடையில் உடைந்ததைக் கொத்திக் குடித்த கோழிகள் நல்ல முட்டையையும் உடைக்கப் பழகின. நான்கை விற்றேன். ஒன்று முட்டை அடைத்துச் செத்தது. "புரதம் கூடினால் முட்டை கூடும்" என்று சொன்னவர்கள் ஒருவரும் ஓட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வரியை இன்று கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது.

மிஞ்சிய புரதத்தைக் கோழி சேர்த்து வைப்பதும் இல்லை. யூரிக் அமிலமாகச் சிறுநீரகம் வழியே வெளியே தள்ளுகிறது. எச்சத்தின் வெள்ளைப் பகுதி அதுதான். தண்ணீர் அதிகம் குடிக்கும், கூட்டுத் தரை ஈரமாகும், அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும்.

இப்போது இறகு உதிரும் நாட்களில் மட்டும், கோழிக்கு ஒரு தேக்கரண்டி பூனைத் தீவனம், அதுவும் வழக்கமான தீவனம் தின்று முடித்த மாலையில். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கும்.

குஞ்சுக்கு லேயர் தீவனம்

கூடவே கூடாது. அந்தக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனமே போதும்.

உப்புக் கருவாடு

வேண்டாம்.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு

காயவைத்தாலும் நஞ்சு போகாது. குப்பையில் போடுங்கள்.

அசோலாவின் சதவீதத்தை நம்புவது

தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடி அசோலா. அதில் புரதம் 20, 25 சதவீதம் என்பது காய்ந்த எடைக்கு. பச்சையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ அள்ளிப் போட்டாலும் புரதம் 15 கிராம் தேறினால் பெரிது. பச்சைத் தீனியாக நல்லது, அவ்வளவுதான்.

கரையானை மறப்பது

பழைய மண்பானையில் ஈரச் சாணி, வைக்கோல், கிழிந்த சாக்குத்துண்டு போட்டு, சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். விடியும்போது பானை நிறையக் கரையான் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் குஞ்சுகள் முன்னால் தட்டிவிட வேண்டும். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் வீட்டுக் கொல்லையில் வேலியோரம் ஒரு புற்று இருக்கிறதாம்.