இளநிலை அறிவியல் மாணவர் ஆய்வகத்தில் இடம் தேடுவது எப்படி

ஆய்வு வாய்ப்பைத் தேடும் மாணவர்களில் பலர் முதலில் பார்ப்பது கோடைகாலத் திட்டங்களின் அறிவிப்புகளைத்தான். அவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அறிவிக்கப்படும் இடங்கள் குறைவு, விண்ணப்பிப்போர் ஏராளம். எந்த அறிவிப்பும் இல்லாத நிலையில், ஒரு மாணவர் முறையாக எழுதிக் கேட்டதாலேயே கிடைக்கும் இடங்களும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. எனவே இரண்டு வழிகளிலும் ஒரே சமயத்தில் முயல வேண்டும்.

அறிவிக்கப்பட்ட திட்டங்களில் பலர் வாய்ப்பை இழப்பது நாள் தவறுவதால்தான். கோடையில் நடக்கும் திட்டங்கள் பலவற்றுக்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பக் காலம் முடிந்துவிடுகிறது. அடுத்ததாகத் தகுதி வரம்பைப் படிக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் நடக்கும், இளநிலை மாணவர்களுக்கு ஆய்வு அனுபவம் தரும் ஆர்.இ.யு. (REU) திட்டம், அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் உரியது. ஜெனீவாவிலுள்ள துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் நடத்தும் கோடைகால மாணவர் திட்டமோ, தன் உறுப்பு நாடுகளுக்கு வெளியிலிருந்தும் மாணவர்களை ஏற்கிறது. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சித் திட்டம் 12 வாரங்கள் நீடிப்பது; குறிப்பிட்ட சில நாடுகளில் படிப்பவர்கள் மட்டுமே அதற்கு விண்ணப்பிக்க முடியும். பரிந்துரைக் கடிதம் தேவையென்றால், அதை எழுதித்தர ஆசிரியருக்குக் குறைந்தது மூன்று வாரமாவது கொடுப்பதே மரியாதை.

இரண்டாவது வழி, பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுவது. உழைப்பை அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகைய கடிதத்தை முதல் வரியிலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள். மாறாக, எட்டுப் பத்து ஆய்வுக் குழுக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு குழுவும் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் ஒன்றையாவது படிக்க வேண்டும். இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் ஆர்க்கைவ் தளத்திலும், உயிரியல், மருத்துவத் துறைகளுக்குப் பப்மெட்டிலும், எல்லாத் துறைகளுக்கும் கூகுள் ஸ்காலரிலும் தேடலாம். முழுக் கட்டுரையும் புரியவில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. சுருக்கத்தையும் படங்களையும், ஆய்வின் வரம்புகளை ஆசிரியர்களே ஒப்புக்கொள்ளும் இறுதிப் பத்திகளையும் நிதானமாகப் படித்தால், கேட்கத் தகுந்த ஒரு கேள்வியாவது மனத்தில் எழும்.

அந்தக் கேள்விதான் கடிதத்தின் உயிர். “தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு” என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியவராது. “அளவீடுகளை அறை வெப்பநிலையில் மட்டும் எடுத்திருக்கிறீர்கள், வெப்பநிலை குறைந்தால் இதே போக்கு நீடிக்குமா என்று அறிய விரும்புகிறேன்” என்று எழுதினால், எழுதியவர் கட்டுரையை உண்மையாகவே படித்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். அதன்பின் எந்த ஆண்டில் படிக்கிறீர்கள், பைத்தான் மொழியில் கணினி நிரல் எழுதுவதோ நுண்ணோக்கியைக் கையாள்வதோ எந்த அளவுக்குத் தெரியும், எந்த மாதங்களில் வர இயலும் என்பவற்றைச் சொல்லி, இருநூறு சொற்களுக்குள் முடித்துவிட வேண்டும். தெரியாத திறனைத் தெரியும் என்று எழுதினால் ஆய்வகத்தில் முதல் வாரத்திலேயே அது வெளிப்பட்டுவிடும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். அதற்கும் பதிலில்லை என்றால் அடுத்த குழுவுக்குச் செல்ல வேண்டும். குழுவிலுள்ள முனைவர் பட்ட மாணவரிடம் கேட்பதும் நல்லது, ஏனெனில் எந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது என்பது பல நேரங்களில் அவருக்கே நன்கு தெரியும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர்கள் சொந்தத் துறையின் ஆசிரியரிடமே தொடங்கலாம். தரவுகளை ஒழுங்குபடுத்துவது போன்ற சிறு வேலையானாலும், ஓர் ஆய்வு உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்க்க அது உதவும்.

இடம் கிடைத்ததும் உதவித்தொகை உண்டா, அன்றாடம் வழிகாட்டப் போவது யார், பாதுகாப்புப் பயிற்சி தருவார்களா என்று கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பணம் கட்டினால் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் ‘இன்டர்ன்ஷிப்’ எதிலும் சேர வேண்டாம். அங்கே கற்க ஒன்றும் இருக்காது. வேலை தொடங்கிய நாளிலிருந்தே தேதியிட்டுக் குறிப்பேடு எழுதிவந்தால், இறுதி வாரத்தில் இரண்டு பக்க அறிக்கை ஒன்றை வழிகாட்டியிடம் ஒப்படைப்பது எளிது. ஓராண்டு கழித்துப் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, உங்கள் பணியை அவர் நினைவுகூர அந்த அறிக்கை உதவும்.