குழந்தைகள் வார்டு நர்ஸ்களுக்கு உளவியல் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒண்ணுமில்லடா கண்ணா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." வார்டில் தினமும் கேட்கும் இந்தச் சமாதானத்தைத்தான் பயிற்சி முதலில் தொட வேண்டும். பல வகுப்புகளோ, குழந்தையின் சிந்தனை வயதோடு எப்படி வளர்கிறது என்று உளவியலாளர் பியாஜே வகுத்த படிகளில் தொடங்கி, ஸ்லைடோடு முடிந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் உளவியலாளர் ரொனால்ட் பிளவுண்ட் குழு 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. புற்றுநோய்க் குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை எடுக்கும் நேரத்தில், பக்கத்தில் இருந்த பெரியவர்கள் பேசியதை வரிசையாகக் கவனித்தார்கள். சமாதானம், மன்னிப்பு, கண்டிப்பு எல்லாவற்றின் பின்னாலும் குழந்தையின் கலக்கமே வந்தது. வேறு கதைக்கு இழுத்த பேச்சும், "மூச்சை இழு, இப்ப ஊது" என்ற ஏவலும் தாங்கிக்கொள்ள உதவின. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. கையில் டிரே இருக்கும்போது வாய் பழைய வார்த்தைக்கே போகும். ஒருவர் குழந்தையாக, ஒருவர் அம்மாவாக நடித்து, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். ஒத்திகை இல்லாத பயிற்சியைத்தான் நான் பெரிய தவறு என்பேன்.

நர்ஸை மட்டும் பயிற்றுவிப்பது அடுத்த தவறு. அம்மா மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தே பல குழந்தைகளுக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றச் செருகும் மெல்லிய குழாய்) போடலாம். டாக்டர் "படுக்க வைத்துப் பிடிங்க" என்றால் கற்றதெல்லாம் வீண். அவரும் வகுப்பில் இருக்கட்டும்.

அழாத குழந்தையை "செட்டில் ஆயிட்டான்" என்று விட்டுவிடுவதும் உண்டு. பெற்றோரைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தைகளை லண்டனில் கவனித்த ஜேம்ஸ் ராபர்ட்சன், எதிர்ப்பு அடங்கியதும் வரும் அமைதி நிம்மதி இல்லை, நம்பிக்கையிழப்பு என்று காட்டினார். பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம் என்று பிரிட்டனில் ஆஸ்பத்திரிக் குழந்தைகளின் நலன் பற்றிய அரசுக் குழுவின் பிளாட் அறிக்கை 1959-இல் பரிந்துரைத்தது. பேச்சில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளையிடம்தான் முதலில் போக வேண்டும்.

"அழுதா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க" என்று பெற்றோர் மிரட்டும்போது சிரித்துவிட்டுப் போகக் கூடாது. "ஊசி தண்டனை இல்லைம்மா, காய்ச்சல் குறையத்தான்னு சொல்லுங்க" என்று அங்கேயே பக்குவமாகச் சொல்ல வேண்டும். இதற்கும் ஒத்திகை வேண்டும்.

சரி, நர்ஸின் மனம்? ஒரு குழந்தை இறந்த அன்றே எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததை விவரிக்கச் சொல்வது நல்ல எண்ணத்தில்தான் நடக்கிறது. ஆனால் அப்படி ஒரே அமர்வில் பேச வைப்பது பின்னால் வரும் மனவடு நோயை (PTSD) தடுப்பதாகத் தெரியவில்லை என்பதே, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கோக்ரேன் அமைப்பின் மறுஆய்வு கண்ட முடிவு. யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட நர்ஸை அடுத்த பெட்டுக்கு உடனே ஓட விடாமல், அந்த ஷிப்டில் அவருடைய வேலையை வேறொருவர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பேச விரும்பினால், அவர் நம்பும் ஆளோடு பேசட்டும், அதுவும் டூட்டி நேரத்திலேயே.