லேத்தில் கேள்வி வராத ஷாஃப்ட் டிராயிங்

கேட் (கணினியில் வரையும்) லேபில் மதிப்பெண் வாங்கும் டிராயிங் வேறு, பட்டறையில் ஓடும் டிராயிங் வேறு. லேபில் உருவம் சரியாக வந்தால் போதும். பட்டறையிலோ லேத் ஓட்டும் டர்னர் எந்த முகத்திலிருந்து அளக்க வேண்டும், எந்த அளவில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தாளைப் பார்த்ததுமே தெரிய வேண்டும். டிப்ளமோ மெக்கானிக்கல் மாணவர்களுக்கு நன்கு பழகிய ஸ்டெப் ஷாஃப்ட் (விட்டம் படிப்படியாக மாறும் தண்டு) ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

அதில் உட்காருபவை இரண்டு 6205 பேரிங் (உள்விட்டம் 25 மி.மீ.), ஒரு புல்லி. இடமிருந்து வலமாக: விட்டம் 25, நீளம் 17; விட்டம் 32, நீளம் 80; மறுபடி விட்டம் 25, நீளம் 23; புல்லிக்கு விட்டம் 20, நீளம் 40. மொத்தம் 160 மி.மீ. பொருள் இஎன்8 எஃகு. 35 மி.மீ. ராடில் 165 நீளம் வெட்டினால் இரு முனையையும் ஃபேசிங் செய்ய (முகத்தைச் சீவித் தட்டையாக்க) இடமிருக்கும்.

ஆட்டோகேடில் புதிய கோப்பைத் திறக்கும்போதே 'அகாடிசோ' டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுங்கள். வெறும் 'அகாட்' டெம்ப்ளேட் அங்குலக் கணக்கு. அதில் டைமென்ஷன் எழுத்து எறும்பு அளவுக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு, மெஷினுக்கான வெட்டுப்பாதையைத் தயாரிக்கும் கேம் மென்பொருள் அதைத் திறக்கும்போது ஷாஃப்ட் 25.4 மடங்கு ஊதிப்போகவும் கூடும். லேயர் நான்கு போதும்: வெளிக்கோடு 0.5 தடிமன்; மையக்கோடு, மறைகோடு, டைமென்ஷன் மூன்றும் 0.25.

முழு ஷாஃப்டையும் வரையாதீர்கள், பாதி போதும். ஆர்த்தோவை (கோடு கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் போகும்) ஆன் செய்து, மையக்கோட்டின் இடது முனையில் பாலிலைனைத் தொடங்குங்கள்: மேலே 12.5, வலது 17, மேலே 3.5, வலது 80, கீழே 3.5, வலது 23, கீழே 2.5, வலது 40, கீழே 10. கடைசிப் புள்ளி மையக்கோட்டில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் எங்கோ ஓர் எண்ணைத் தவறாக அடித்திருக்கிறீர்கள். இரு முனைகளிலும், 25 முடிந்து 20 தொடங்கும் மூலையிலும் 1 மி.மீ. சாம்ஃபர் (விளிம்பில் சரிவு வெட்டு) கொடுங்கள். ஒவ்வொரு ஸ்டெப்பின் உள்மூலையிலிருந்தும் மையக்கோடு வரை ஒரு கோடு இறக்குங்கள். சாம்ஃபர் விளிம்புகளுக்கும் அப்படியே. பிறகு மிரர் கட்டளையால் மறுபாதி. கடைசியில் ஓவர்கில் கட்டளையை ஓடவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகள் போய்விடும். சிஎன்சிக்குக் (கணினி இயக்கும் மெஷின்) கோப்பு அனுப்பும்போது டூல்பாத் (வெட்டுப்பாதை) பாதியில் அறுந்துபோவதற்கு இந்த இரட்டைக் கோடுகள்தான் பெரும்பாலும் காரணம்.

இனிதான் முக்கியமான வேலை: நீள அளவுகள். பெரும்பாலானோர் 17, 80, 23, 40 என்று சங்கிலியாகப் போட்டுவிட்டு மேலே 160-ஐயும் எழுதிவிடுவார்கள். டைட்டில் பிளாக்கில் ஐஎஸ்ஓ 2768 மீடியம் (தனியாகக் குறிக்காத அளவுகளுக்கான பொது டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் பிழை) என்று இருந்தால் 17-க்கும் 23-க்கும் ±0.2, 80-க்கும் 40-க்கும் ±0.3. கூட்டிப் பாருங்கள், ±1.0. ஆனால் 160-க்கு அதே தரம் தருவது ±0.5. நான்கு துண்டும் அளவுக்குள் இருந்தும் மொத்த நீளம் ரிஜெக்ட் ஆகலாம். அப்போது டர்னரைக் குறை சொல்ல முடியாது, டிராயிங்கிலேயே முரண்பாடு.

வலது பேரிங் உட்காரும் ஸ்டெப் முகத்தை ஆதாரமாக வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கம் 80 ±0.05, ஏனென்றால் இரண்டு பேரிங்கின் இடைவெளி அதுதான். அதே ஆதார முகத்திலிருந்து வலது முனைக்கு 63 (23 + 40). வலது முனையிலிருந்து 40. மொத்தம் 160. இடது 17-ஐ எழுதவே வேண்டாம். எல்லாப் பிழையும் போய் விழும் இடம் அது. மிக மோசமான நிலையிலும் (159.5 − 80.05 − 63.3) அது 16.15-க்குக் கீழே போகாது. பேரிங் அகலம் 15, சாம்ஃபர் 1, இரண்டும் அடங்கிவிடும். 17 என்று வைத்ததே அதற்காகத்தான்.

பேரிங் சீட் இரண்டுக்கும் 25 கே6 (விட்டத்தின் டாலரன்ஸ் குறியீடு). வெறுமனே கே6 என்று எழுதி நிறுத்தாமல் பக்கத்திலேயே +0.015, +0.002 என்றும் போடுங்கள்; மெஷின் பக்கத்தில் அட்டவணை புரட்ட யாருக்கும் நேரமில்லை. இரண்டு எல்லைக்கும் வித்தியாசம் 13 மைக்ரான்தான் (0.013 மி.மீ.) என்பதால் 0.01 மி.மீ. வரை மட்டும் காட்டும் மைக்ரோமீட்டர் கருவி போதாது. டர்னிங்கில் 25.3 வைத்துக் கிரைண்டிங்கில் (சாணை வீலில் தேய்த்து) முடிப்பது வழக்கம். அதனால் மூன்று ஸ்டெப் மூலையிலும் அகலம் 2, ஆழம் 0.3 ரிலீஃப் பள்ளம் வேண்டும். 5:1 டீடெய்ல் வியூவில் (ஐந்து மடங்கு பெரிதாக்கிய தனிப்படம்) காட்டுங்கள். பள்ளம் இல்லாவிட்டால் வீலின் முனை மூலையில் ஒரு வளைவை விட்டுவிடும். பேரிங் அந்த வளைவில் ஏறி நிற்குமே தவிர ஸ்டெப் முகத்தில் ஒட்டாது. சீட்டுக்கு ஆர்ஏ (மேற்பரப்புச் சொரசொரப்பு, மைக்ரானில்) 0.8, மற்ற இடங்களுக்கு 3.2. இரு முனையிலும் உள்ள சென்டர் ட்ரில் குழி வேலை முடிந்தபின் இருக்கலாம் என்று குறிப்பு எழுதுங்கள். எழுதாவிட்டால் யாராவது அதை ஃபேஸ் செய்து எடுத்துவிடுவார்கள், பிறகு ரன்அவுட் (சுழலும்போது வரும் ஆட்டம்) பார்க்க வழியில்லை.

கீவே (புல்லியை ஷாஃப்டோடு சேர்த்துச் சுழற்றும் கீ உட்காரும் பள்ளம்): விட்டம் 20-க்கு 6×6 கீ, நீளம் 32, ஆழம் 3.5. ஆழத்தை 3.5 என்று எழுதினால் அளக்க முடியாது, மேல்முகம்தான் வெட்டுப்பட்டுவிட்டதே. எதிர்ப்பக்கத்திலிருந்து 16.5, +0 −0.1 என்று செக்‌ஷன் வியூவில் கொடுங்கள். இன்னொன்று: கீயின் மேல்முகம் மையத்திலிருந்து சரியாக 12.5-ல் நிற்கிறது, மூலைகள் அதையும் தாண்டும். ஆகவே கீயைக் கழற்றாமல் வலது பேரிங்கை வெளியே எடுக்க முடியாது. அது தொல்லை என்றால் புல்லி விட்டத்தை 18 ஆக்குங்கள்; கீ அதே அளவுதான், பேரிங் தடையின்றி மேலே நழுவிப்போகும்.

டைமென்ஷன் எண்ணைக் கையால் அடித்து மாற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். பிற்பாடு நீளத்தை இழுத்தாலும் அந்த எண் மாறாது. விட்டக் குறியைச் சேர்க்க வேண்டுமென்றால் <> அடையாளத்துக்கு (ஆட்டோகேட் அளந்த எண் வரும் இடம்) முன்னால் சேருங்கள், அளவு உயிரோடு இருக்கும்.

தாள் ஏ3, 1:1, ஃபர்ஸ்ட் ஆங்கிள் குறியீடு (வியூக்களை அடுக்கிய முறையைச் சொல்வது) கட்டாயம். பிளாட் செய்யும்முன் 'ஃபிட் டு பேப்பர்' டிக்கை எடுத்துவிடுங்கள். அச்சான தாளில் ஷாஃப்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், 160 காட்ட வேண்டும்.