பைன் வகைகளை இயந்திரக் கூழில் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயந்திரக் கூழ் என்பது மரச்சில்லுகளை (சிப்ஸ்) இயந்திரத்தில் அரைத்துச் செய்யும் காகிதக் கூழ். அதற்காக ரேடியேட்டா பைனையும் லோப்லாலி பைனையும் ஒரே மின்சாரச் செலவில் அரைத்து, கிழிவலிமையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் அது ஒப்பீடு ஆகாது. ஒன்று 100 மி.லி. ஃப்ரீனஸுக்கு (கூழிலிருந்து நீர் எவ்வளவு எளிதில் வடிகிறது என்ற அளவு; அரைக்க அரைக்கக் குறையும்) இறங்கியிருக்கும்போது மற்றது 200-லேயே நிற்கலாம். அரைகுறையாக அரைபட்ட கூழில் நார் நீளமாக இருப்பதால் கிழிவலிமை தூக்கலாகத்தான் தெரியும். ஒவ்வொரு மரத்தையும் மூன்று நான்கு மின்சார அளவுகளில் அரைத்துக் கோடு வரையுங்கள்; ஒரே ஃப்ரீனஸில் வலிமையையும் மின்சாரத்தையும் படித்தெடுங்கள்.

அந்த ஃப்ரீனஸ் எண்ணே பொய் சொல்வதும் உண்டு. ரிஃபைனரிலிருந்து (அரைக்கும் இயந்திரம்) சூடாகவும் கெட்டியாகவும் வரும் கூழில் நார்கள் சுருண்டு முறுக்கிக் கிடக்கும். ஆறியதும், நார்களைப் பிணைக்கும் பொருளான லிக்னின் இறுகி, சுருள் அப்படியே நிலைத்துவிடும். இதைத்தான் லேடன்சி என்கிறார்கள். அப்படியே சோதித்தால் ஃப்ரீனஸ் கூடுதலாகவும் இழுவலிமை குறைவாகவும் காட்டும். 80–90 டிகிரி வெந்நீரில் சுமார் 2 சதவீத அடர்த்தியில் நன்றாகக் கலக்கிச் சுருளைப் பிரித்த பிறகுதான், 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 3 கிராம் உலர்கூழ் என்ற கணக்கில் கனடிய ஃப்ரீனஸ் பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக்குச் செய்து இன்னொன்றுக்கு விட்டுவிட்டால், கிடைப்பது மரத்தின் வேறுபாடு அல்ல, வாளியின் வேறுபாடு.

பெரிய குழப்பம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. தண்டின் நடுவில் உள்ள இளமரத்தில் நார் குட்டை, சுவர் மெல்லிசு. வெளிப்பக்கப் பலகைக் கழிவில் நார் நீளம், சுவர் தடிப்பு. மசிவதற்கு அடம்பிடிக்கும், தாளின் மேற்பரப்பும் சொரசொரக்கும். ஒரு வகையில் இளம் மரங்களை வெட்டிய கட்டையும், இன்னொன்றில் மரவாடி வெளிப்பலகையும் எடுத்தால் இனப்பெயர் வெறும் ஒட்டுச்சீட்டுதான். வயது, அடர்த்தி, சிப்ஸ் எங்கிருந்து வந்தது ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள்.

பிசின் கணக்கும் இப்படித்தான்: பைனில் வைரப்பகுதியில் (தண்டின் உள்மரம்) பிசின் அதிகம், வெளிறில் (வெளிமரம்) குறைவு. சிப்ஸைக் குவித்து வைத்தால் பிசின் குறையும், வெண்மையும் சேர்ந்தே போகும். எனவே சேமிப்பு நாட்கள் சமமாக இருக்கட்டும். ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே போன காய்ந்த சிப்ஸைச் சோதனையில் சேர்க்காதீர்கள், நார் நொறுங்கும்.

காலையில் ஒரு மரம், மாலையில் மற்றொன்று என்று ஓட்டினால் ரிஃபைனரின் அரைக்கும் தட்டுத் தேய்மானமும் கணக்கில் ஏறிவிடும். வரிசையை மாற்றி மாற்றி ஓட்டி, முதலில் அரைத்த சிப்ஸையே கடைசியில் மறுபடி அரைத்துப் பாருங்கள். இரண்டு ஓட்டத்துக்கும் இடையே வரும் வித்தியாசத்தைவிடச் சிறிய வேறுபாட்டை அறிக்கையில் எழுத வேண்டாம்.