தீர்ப்பை முதலில் எழுதவிடுங்கள், தகவலைப் பிறகு கொடுங்கள்

தரம் 10, 11 குடியியல் பாடத்தில் தண்டனை விதிப்பைக் கற்பிக்கும்போது, குற்றத்தை ஒரே வரியில் சொல்லி மாணவரைத் தண்டனை எழுதச் சொல்லுங்கள்: 'கல்லடிப் பாலத்தடியில் விட்டிருந்த சைக்கிளை ஒருவர் திருடினார்.' அப்புறம் தகவல்களை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். அது மீன் வியாபாரியின் சைக்கிள். திருடியவருக்கு 19 வயது. குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே ஒரு திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவர். ஒவ்வொரு முறையும் பழைய விடையை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதட்டும்.

சாதாரண திருட்டுக்கு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவு சொல்லும் 3 ஆண்டு சிறை உச்ச வரம்புதான் என்பதை இதில் அவர்களே கண்டுகொள்வார்கள். அதற்குக் கீழே குற்றத்தின் பாரதூரம், முந்தைய நடத்தை, குற்ற ஒப்புதல் எல்லாம் எடைபோடப்படுகின்றன. ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை (குறித்த காலத்துக்குள் மறுபடி குற்றம் செய்தால் மட்டும் நடைமுறைக்கு வரும் சிறை) என்றால் என்ன என்பதையும் இங்கேயே சேர்த்துவிடலாம். முதல் விடையாக வகுப்பில் பாதிப் பேர் 'மறியலில் போடணும்' என்றுதான் எழுதுவார்கள். 367ஐக் கடைசியில் காட்டுங்கள். முன்பே சொன்னால் எல்லோரும் 3 என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

கொலைக்கு இந்த முறை சரிவராது. 296ஆம் பிரிவு மரண தண்டனையை விதிப்பதால் கூட்டிக் குறைக்க அங்கே இடமில்லை. குற்றவாளியைச் சிறுவராகவும் வைக்காதீர்கள், அதற்குச் சட்டமே வேறு. வகுப்பில் யார் வீட்டிலாவது வழக்கு நடந்தால் அதே மாதிரிக் குற்றத்தை எடுக்க வேண்டாம்.